எரிமலைத் தீவுப் பயணம்: அறையைப் பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கலாபகஸ் தீவுகளைக் கப்பலில் சுற்றிப் பார்ப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் கடலில் தனித்துக் கிடக்கும் எரிமலைத் தீவுகளுக்குத் தமிழில் இவ்வளவு இடம் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் அந்தக் கட்டுரையை நம்பி முன்பணம் கட்டுகிறவர் மூன்று இடத்தில் ஏமாந்துபோவார். எந்த மாதம் போனாலும் எல்லா விலங்குகளும் கண்ணில் படும் என்றது ஒன்று. கப்பல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்றது இன்னொன்று. கரையிறங்கி இஷ்டம்போல் சுற்றலாம் என்றது மூன்றாவது. மூன்றும் தவறு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற அப்பா அம்மாவுக்கு இப்படிப் பயணம் ஏற்பாடு செய்து தருவது நம் குமரி மாவட்டத்தில் இப்போது நடக்கிற காரியம். பல லட்ச ரூபாய் போகிற விஷயம் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம். இடம் போதாவிட்டால் இரண்டு நாளாகப் பிரித்தாவது வெளியிடுங்கள்.

பயண நிறுவனங்கள் அனுப்பும் தாளில் அறையின் படமும் சாப்பாட்டுப் பட்டியலும் முன்பக்கத்தில் இருக்கும். அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, கப்பல் எந்த நாள் எந்த இடத்தில் நங்கூரம் போடுகிறது என்ற அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும். கலாபகஸ் நிலப்பரப்பில் 97 விழுக்காடு தேசியப் பூங்கா. பூங்கா 1959-ல் வந்தது. சுற்றியுள்ள கடல் 1998-ல் காப்பகமானது. எந்தக் கப்பல் எந்த வேளையில் எங்கே நிற்கலாம் என்பதைப் பூங்கா நிர்வாகம் எழுதிக் கொடுக்கிறது. கேப்டன் தன் விருப்பத்துக்கு அதை மாற்ற முடியாது. சில பொது இடங்கள் தவிர, ஒரு கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் இரண்டாம் முறை போகக்கூடாது. அதனால் ஒவ்வொரு கப்பலும் 15 நாள் சுற்று ஒன்றை ஓடுகிறது. அந்தச் சுற்றைத்தான் 4 நாள், 5 நாள், 8 நாள் என்று நறுக்கி விற்கிறார்கள். உங்கள் கைக்கு வரும் துண்டில் எந்தத் தீவு இருக்கிறதோ, அந்தத் தீவின் உயிர்களைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள்.

தீவுக்குத் தீவு உயிர்கள் ஏன் மாறுகின்றன என்பதற்குக் காரணம் கடலடியில் இருக்கிறது. கடலில் நிற்கிற பாறை என்றாலே எரிமலை என்று சிலர் நினைக்கிறார்கள். நம் விவேகானந்தர் பாறை அப்படியல்ல. அது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன், நிலத்தின் அடியாழத்தில் வெந்து இறுகிய சார்னோகைட் குடும்பத்துப் பாறை. கலாபகஸில் கடலுக்கு அடியில், எரிமலைக் குழம்பு மேலெழும் ஒரு வெப்பப் புள்ளி நிலையாக இருக்கிறது. அதன் மேல் நாஸ்கா என்னும் புவித்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் கிழக்கே நகர்கிறது. புள்ளிக்கு மேல் புதிதாகத் தீவு முளைக்கிறது. முளைத்தது கிழக்கே நகர்ந்து, நெருப்பு அடங்கி, தேய்கிறது. ஆகவே மேற்கே உள்ள பெர்னாண்டினாவும் இசபெலாவும் இளந்தீவுகள். பெர்னாண்டினாவின் எரிமலை 2024 மார்ச் மாதத்தில்கூட வெடித்தது. இசபெலாவின் உல்ஃப் எரிமலை 1,707 மீட்டர் உயரம். அது 2022 ஜனவரியில் வெடித்தது. தென்கிழக்கே உள்ள எஸ்பனோலா முப்பது லட்சம் ஆண்டுகளைத் தாண்டியது. தட்டையாக, வறண்டு கிடக்கிறது. புதுத் தீவு வேறு, பழந்தீவு வேறு. அவற்றைத் தொடும் தண்ணீரும் வேறு.

மேற்குப் பக்கத் தண்ணீர்தான் அங்கே பெரிய அதிசயம். கடல்மட்டத்துக்கு அடியில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடிவரும் குரோம்வெல் நீரோட்டம், பெர்னாண்டினா, இசபெலா தீவுகளின் அடிவாரத்தில் மோதி மேலே எழும்புகிறது. குளிர்ந்த, சத்து மிகுந்த நீர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது நம் குளச்சல், முட்டம் பக்கம் அடிநீர் குளிர்ந்து மேலே வருவதும், அதையொட்டி மீன் பெருகுவதும் நம் மீனவர்களுக்குத் தெரிந்த சங்கதி. அதே வேலையை அங்கே நீரோட்டம் செய்கிறது. நிலநடுக்கோட்டின் மேலேயே பென்குயின் வாழ முடிவது இதனால்தான். பறக்காத நீர்க்காகமும் இந்த மேற்குக் கரையில் மட்டும்தான் உண்டு. சுசீந்திரம், தேரூர் குளங்களில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். இதுவும் அப்படியே விரிக்கும். ஆனால் விரிக்கிற சிறகு கந்தல்போல் சிறுத்திருக்கும். துரத்தும் விலங்கு கரையில் இல்லை, இரை முழுவதும் தண்ணீருக்குள். பறக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. இந்த இரண்டையும் பார்க்க ஆசைப்படுகிறவர் பெர்னாண்டினாவில் புந்தா எஸ்பினோசா என்ற பெயர் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பெயர் இல்லாத அட்டவணையில் பறக்காத நீர்க்காகம் பெரும்பாலும் கிடைக்காது.

அலைக்கோட்டு அல்பட்ராஸ் பறவைக்குக் கணக்கு வேறு. சிறகு விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். உலகில் உள்ளவை ஏறத்தாழ அனைத்தும் எஸ்பனோலா என்ற ஒரே தீவில் முட்டையிடுகின்றன. ஏப்ரலில் வரும், டிசம்பரில் கடலுக்குப் போய்விடும். பொங்கல் விடுமுறையை ஒட்டி ஜனவரியில் போகிறவர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதைப் பார்க்க முடியாது. சிவப்புக்கால் பூபி என்ற கடற்பறவையைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே ஹெனோவேசா போக வேண்டும். அது எரிமலை வாய் ஒருபக்கம் இடிந்து கடல் உள்ளே புகுந்த தீவு. கப்பல் அந்த வாய்க்குள்ளேயே நங்கூரம் போடும். கடலில் நீந்தி இரை தேடும் பல்லி இனமான கடல் இகுவானா பெரும்பாலான தீவுகளில் உண்டு. ஆனால் எஸ்பனோலாவில் இருப்பவை சிவப்பும் பச்சையும் கலந்தவை. பெர்னாண்டினாவில் இருப்பவை கன்னங்கரேலென்று நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடக்கும். மேற்கும் தென்கிழக்கும் ஒரே 8 நாளில் முழுமையாக அடங்கும் அட்டவணை கிடைப்பது அரிது. எங்களைக் கேட்டால் ஒருமுறைதான் போக முடியும் என்பவர் மேற்கைத் தேர்ந்தெடுக்கலாம். எரிமலையும் உயிரும் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பது அங்கேதான் கண்ணுக்கு நேரே தெரிகிறது.

மாதத்தைப் பொறுத்தவரை இரண்டே பருவம். ஜனவரி முதல் மே வரை வெயிலும் இடையிடையே மழையும். கடல் அடங்கியிருக்கும், தண்ணீர் 24 முதல் 27 டிகிரி. பேராமை கரையேறி முட்டையிடுவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். ஜூன் முதல் நவம்பர் வரை கருவா எனப்படும் தூறல் பருவம். நம் ஆனி, ஆடிச் சாரலைப்போல் வானம் மூடிக்கிடக்கும், உடுப்பு காயாது. தண்ணீர் 18 முதல் 22 டிகிரி. மேற்கே அதற்கும் கீழே போகும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அலை அதிகம், ஆனால் கடலில் இரை நிறைந்திருப்பதும் அப்போதுதான். எல் நினோ ஆண்டு என்றால் இந்தக் கணக்கெல்லாம் குலையும். சூடான நீர் பரவி, குளிர்நீர் மேலே வருவது நின்று, பாசியும் மீனும் குறையும். 1982–83 எல் நினோவில் பென்குயின்களில் நான்கில் மூன்று பங்கு அழிந்தது. கடல் இகுவானா உணவில்லாமல் மெலிவது மட்டுமல்ல, உடல் நீளமே ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்துபோவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் எல் நினோ அறிவிப்பைப் பார்ப்பது நல்லது.

‘5 நாள் பயணம்’ என்று எழுதியிருப்பதை 5 நாளாக எண்ணாதீர்கள். முதல் நாள் விமானம் வந்திறங்கவே நண்பகல் ஆகிவிடும். மாலையில் ஒரு இடம்தான். கடைசி நாள் காலையில் ஒரு இடம், உடனே விமான நிலையம். நடுவில் முழுசாக மிஞ்சுவது 3 நாள். இங்கிருந்து அவ்வளவு தூரம் போகிறவர்களுக்கு 8 நாளுக்குக் குறைந்த துண்டு கட்டுபடியாகாது.

கப்பலின் அளவுக்கு வருவோம். கலாபகஸில் ஒரு கப்பலுக்கு 100 பயணிகளுக்கு மேல் அனுமதி இல்லை. 16 பேருக்கு ஒரு வழிகாட்டி வேண்டும் என்பது விதி. அதனால்தான் சிறு கப்பல்களில் பெரும்பாலானவை 16 பேருக்கென்றே கட்டப்பட்டிருக்கின்றன. 16 பேர் என்றால் இரண்டு ரப்பர் படகு போதும், பத்து நிமிடத்தில் எல்லாரும் கரையில் நிற்கலாம். 90 பேர் கப்பலில் ஆறு குழு. எல்லாரையும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் விடமாட்டார்கள்; ஒரு குழு நடக்கும்போது இன்னொன்று காத்திருக்கும். பறவைகளும் விலங்குகளும் சுறுசுறுப்பாக இருப்பது விடிந்து இரண்டு மூன்று மணி நேரம். அந்த நேரத்தை வரிசையில் நின்று தொலைப்பதா என்பதுதான் கேள்வி. ஆனால் சிறு கப்பலில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். அது அதிகம் ஆடும். படிகள் செங்குத்து, லிஃப்ட் கிடையாது, பெரும்பாலும் டாக்டரும் இருக்கமாட்டார். முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 100 பேர் கப்பலே பொருத்தம். காத்திருப்பைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கப்பல் கரையை ஒட்டி நிற்காது. எல்லா இடத்திலும் ரப்பர் படகில்தான் இறங்க வேண்டும். இந்தப் பயணத்தில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் அடிபடுவது இந்த ஐந்து நிமிடத்தில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

இறங்குவது இரண்டு வகை. பாறையிலோ சிறு படித்துறையிலோ படகை முட்டுக்கொடுத்து நிறுத்தி, கால் நனையாமல் ஏறுவது ஒன்று. விவேகானந்தர் பாறைக்குப் படகில் போய்த் துறையில் கால் வைத்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே பிடிக்கக் கம்பி இருக்காது, பாறையில் பாசி வழுக்கும், சில இடத்தில் கடல்சிங்கம் படியிலேயே படுத்துத் தூங்கும். படகோட்டியின் கையைப் பிடிக்கும்போது உள்ளங்கையோடு உள்ளங்கை கோர்க்கக் கூடாது. அவருடைய மணிக்கட்டை நீங்களும், உங்கள் மணிக்கட்டை அவரும் பிடிக்க வேண்டும். ஒருவர் பிடி நழுவினாலும் மற்றவர் பிடி நிற்கும். அலையில் படகு மேலே ஏறிவந்து ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் கால் மாற்ற வேண்டும். படகு கீழே இறங்கும்போது கால் வைத்தால் படகுக்கும் பாறைக்கும் நடுவே கால் சிக்கும். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கேமராவும் செல்போனும் நீர்புகாத பையில், முதுகில். உயிர்காப்பு உடையின் வாரை இறுக்கிப் போட வேண்டும். தொளதொளவென்று கிடந்தால் தண்ணீரில் விழுந்ததும் உடை மேலே ஏறி முகத்தை மூடும், ஆள் கீழே போவார்.

இன்னொரு வகை, மணற்கரையில் முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி நடப்பது. படகின் பக்கக் குழாயில் உட்கார்ந்து, இரண்டு காலையும் வெளிப்பக்கம் திருப்பி, படகோட்டி சொன்னதும் சறுக்கி இறங்க வேண்டும். குதிக்கவே கூடாது. தெளிந்த தண்ணீரில் ஆழம் குறைவாகத் தெரியும். அடியில் கல் இருந்தால் கணுக்கால் முறியும். இறங்கியதும் படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும். வள்ளம் கரைபிடிக்கும்போது நம் கடற்கரையில் யாரும் அதன் முன்னே நிற்பதில்லை. அடுத்த அலை தூக்கிவந்து அடிக்கும் என்று தெரியும். ரப்பர் படகுதானே என்று அலட்சியம் வேண்டாம். எஞ்சினும் ஆட்களும் சேர்ந்து அதுவும் நல்ல எடை.

வேட்டியும் சேலையும் இதற்கு ஆகாது. நனைந்த துணி காலைச் சுற்றிக்கொள்ளும். துப்பட்டா படகின் கொளுவியில் மாட்டும். சேலையிலேயே பழகிய அம்மாக்களுக்கு முன்கூட்டியே சொல்லி, முழங்காலுக்குக் கீழே நிற்கும், சீக்கிரம் காயும் துணியில் இரண்டு பேண்ட் வாங்கிக் கொடுத்து, வீட்டில் ஒரு வாரம் போட்டு நடக்கச் சொல்லுங்கள். செருப்பும் இரண்டு வகை வேண்டும். தண்ணீரில் இறங்கப் பின்வார் வைத்த ரப்பர் சாண்டல். எரிமலைப் பாறையில் நடக்க மூடிய காலணி. எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று கயிறு முறுக்கிப் போட்டதுபோல் வழவழப்பானது. சாந்தியாகோ தீவின் சல்லிவன் விரிகுடாவில் அதன்மேல் நடக்கலாம். மற்றது உடைந்த கண்ணாடிச் சில்லுபோல் கூரானது. தடுமாறிக் கை ஊன்றினால் உள்ளங்கை கிழியும். இரண்டுமே கறுப்பு, பத்து மணிக்கே கொதிக்கும். நிழல் தரும் மரம் கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு அங்கே தடை. பாதையில் தின்பண்டமும் அனுமதியில்லை. பர்த்தலோமே தீவின் உச்சிக்கு 114 மீட்டர், முழுவதும் மரப்படி. ஆங்காங்கே நின்று போகலாம், வழிகாட்டி அவசரப்படுத்தமாட்டார்.

இஷ்டம்போல் சுற்றலாம் என்ற வரிக்குத் திருத்தம் இதுதான்: பாதையை விட்டு ஒரு அடி விலகக் கூடாது, வழிகாட்டி இல்லாமல் நகரக் கூடாது, காலை 6 முதல் மாலை 6 வரைதான் கரையில் இருக்கலாம், விலங்குக்கும் உங்களுக்கும் 2 மீட்டர் இடைவெளி வேண்டும், ஃபிளாஷ் கூடாது, டிரோன் கூடாது. அங்குள்ள உயிர்களுக்கு மனிதன் மேல் பயமில்லை. நீலக்கால் பூபி பாதை நடுவிலேயே முட்டையிட்டு உட்கார்ந்திருக்கும்; நாம்தான் சுற்றிப் போக வேண்டும். குட்டி கடல்சிங்கம் மோந்து பார்க்கக் கிட்டே வந்தாலும் தொடக் கூடாது. குட்டியைத் தாய் குரலையும் வாசனையையும் வைத்தே அடையாளம் காண்கிறது. மனித வாசனை ஏறிய குட்டியை அது ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு. கரையோரம் குரைத்துக்கொண்டு நீந்தும் பெரிய ஆண் கடல்சிங்கம் தன் எல்லையைக் காக்கிறது. அதன் வழியில் நிற்பது ஆபத்து.

முகமூடி போட்டு நீந்துகிறவர்களுக்கு ஒரு சொல். நம் கடலில் 27, 28 டிகிரியில் பழகிய உடம்புக்கு 18 டிகிரித் தண்ணீர் மூச்சை அடைக்கும். நல்ல நீச்சல்காரர்களுக்கும் இது நடக்கும். முழுநீள ரப்பர் உடை, குறைந்தது 3 மில்லிமீட்டர், மேற்கே 5 மில்லிமீட்டர் கேட்டு வாங்குங்கள். இறங்கியதும் ஒரு நிமிடம் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சீராக்கிவிட்டுப் பிறகு கையை விடுங்கள்.

தீவுக்குத் தீவு ஓடுவது இரவில்தான். நீண்ட ஓட்டம் என்றால் ஆறு, ஏழு மணி நேரம். வாந்தி வரும் உடம்பு என்றால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் உள்ள அறையைக் கேளுங்கள். சீசா பலகையின் நடுவில் இருப்பதுபோல் அங்கேதான் ஆட்டம் குறைவு. விலை கூடிய மேல்தள அறைதான் அதிகம் ஆடும். மாத்திரையைக் கப்பல் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பலனில்லை. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். எந்த மாத்திரை என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாகக் கண் அழுத்தமும் புராஸ்டேட் தொல்லையும் உள்ளவர்கள்.

கீழ்த்தள அறை என்றதும் தீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019 செப்டம்பர் 2 அதிகாலை, கலிபோர்னியாவுக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த ஒரு சிறு கப்பலில் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். இரவு முழுவதும் சுற்றிப் பார்க்கும் காவலாள் இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. எனவே கப்பலில் ஏறிய அன்றே மூன்று கேள்வி கேளுங்கள். இரவுக் காவல் உண்டா? அறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எது? பேட்டரிகளை எங்கே சார்ஜ் போடுவது? படுக்கை மேல் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. கேட்பதை மரியாதைக் குறைவாக எந்த நல்ல மாலுமியும் நினைக்கமாட்டார். இரண்டாவது வழியை விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை கையால் தடவி நடந்து பாருங்கள்.

இனிப் பெட்டி. நம் வீடுகளில் பயணம் என்றாலே முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் வறுவலும் மட்டிப்பழமும் பெட்டிக்குள் போய்விடும். ஈக்வடாரின் கீட்டோ அல்லது குவயாகில் விமான நிலையத்தில், தீவுக்குப் போகும் பெட்டிகளை மட்டும் தனியாகச் சோதித்து முத்திரை வைப்பார்கள். பழம், செடி, விதை, மண் எதுவும் கடக்காது. மட்டிப்பழத்தையும் கறிவேப்பிலையையும் பலர் தாங்களே தவிர்த்துவிடுவார்கள். தவறிப்போவது அஞ்சறைப்பெட்டியில்: கடுகு, வெந்தயம், கொத்தமல்லி எல்லாம் முளைக்கக்கூடிய விதை. பொடியாக்கிய மசாலா கொண்டுபோங்கள். கம்பெனி அடைத்த, வறுத்த பொருளுக்குப் பெரும்பாலும் தடையில்லை. மறைக்காமல் எடுத்துக் காட்டுவதே நல்லது. இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கோபப்படுகிறவர்கள் கொய்யாவை நினைத்துப் பார்க்க வேண்டும். நம் கொல்லையில் நிற்கும் அதே கொய்யா அங்கே குடியேறி, மேட்டுநிலக் காட்டை விழுங்கிக்கொண்டிருக்கிறது. சப்பாத்திக்கள்ளிக்கு இதுவே தலைகீழ்: அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, நம் நாட்டில் வந்து புகுந்து வயலை மூடியபோது பூச்சியை விட்டுத்தான் அடக்கினார்கள். கலாபகஸில் அதன் உறவுக் கள்ளிகள் மரமாக வளர்ந்து தரையாமைக்குச் சோறு போடுகின்றன. பின்சோன் தீவில் கப்பலில் வந்த எலி, நூறு ஆண்டுக்கும் மேலாக ஆமைக்குஞ்சு ஒன்றைக்கூட மிஞ்சவிடவில்லை. 2012-ல் எலிகளை ஒழித்த பிறகுதான் குஞ்சுகள் மறுபடி பிழைத்தன. இசபெலாவின் வடபகுதியில் சுமார் ஒரு லட்சம் ஆடுகளை அகற்ற வேண்டியிருந்தது. சிலர் வளர்ப்பதற்காகக் கொண்டுவந்து விட்ட ஆடுதான் அத்தனையாகப் பெருகியது.

மற்றவை சுருக்கமாக. பூங்காக் கட்டணம் 2024 ஆகஸ்ட் 1 முதல் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 200 டாலர், தீவு நுழைவு அட்டைக்கு 20 டாலர் தனி, ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஈக்வடாரில் அமெரிக்க டாலரே புழங்குகிறது. மின்சாரம் 110 வோல்ட், பிளக் தட்டையான இரண்டு கால். நம் பிளக் சேராது. அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதாக இருந்தாலும் அமெரிக்க விசா வேண்டும்; ஈக்வடார் விசா விதியைத் தூதரகத்தில் நேரடியாகக் கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மட்டும் மறக்கவே கூடாது. கப்பலில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த மஞ்சள் அட்டை தெரியும், பெற்றோருக்குத் தெரியாது. தீவுகளில் அந்தக் காய்ச்சல் இல்லை. ஆனாலும் ஈக்வடாரிலிருந்து திரும்பி இந்தியாவில் இறங்கும்போது சான்றிதழ் காட்ட வேண்டும், இல்லையென்றால் 6 நாள் வரை தனியே வைக்கலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரின் ஆலோசனை இல்லாமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

‘அவ்வளவு தூரம் எதற்கு, அந்தமானின் பாரன் (Barren) தீவில் இறங்கி எரிமலை பார்க்கலாமே’ என்று கட்டுரையின் பெட்டிச் செய்தியில் இருந்தது. பாரன் தீவு இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை என்பது சரி. போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். 1787-ல் வெடித்தது பதிவாகியிருக்கிறது, நீண்ட காலம் அடங்கிக் கிடந்து 1991-ல் மறுபடி வெடித்தது, அதன்பின் பலமுறை. ஆனால் அது வனவிலங்குச் சரணாலயம். சுற்றுலாப் பயணி கரையிறங்க முடியாது. அனுமதி பெற்ற படகிலிருந்து கறுத்த கூம்பையும் புகையையும் பார்த்துத் திரும்பலாம், அதுவும் கடல் அடங்கிய மாதங்களில். அதற்கு வடக்கே உள்ள நார்கொண்டாம் அடங்கிப்போன எரிமலை. சுமார் 7 சதுர கிலோமீட்டர் நிலம்தான். உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு இருவாச்சி இனம் அங்கே வாழ்கிறது. அதற்காகவே அதைத் தொந்தரவு செய்யாமல் விடுவது நல்லது.

பெயர்களிலும் திருத்தம் வேண்டும். கடல் இகுவானாவை ‘கடல் உடும்பு’ என்று எழுதியிருந்தீர்கள். உடும்பு வேறு குடும்பம். இகுவானாவுக்கு நம் வேலியில் தலையாட்டும் ஓணான்தான் கிட்டத்து உறவு. கடல்சிங்கத்துக்கு ‘நீர்நாய்’ என்று போட்டிருந்தது. நீர்நாய் ஆற்றில் மீன் பிடிக்கும் வேறு விலங்கு. கரையேறி முட்டையிடும் ஆமைக்கும் மலைமேட்டில் புல் மேயும் ஆமைக்கும் ஒரே ‘ராட்சத ஆமை’ என்று பெயர் கொடுத்திருந்தீர்கள். முதலாவது பேராமை, நம் மன்னார் வளைகுடாவில் இருக்கும் அதே இனம். இரண்டாவது தரையாமை, தண்ணீரில் அதன் வாழ்க்கையே இல்லை.

கடைசியாகத் திரும்பும் பெட்டி. முக்கடல் கரையில் சங்கும் சிப்பியும் வண்ண மணல் பொட்டலமும் வாங்கிப் பழகிய கை, அங்கேயும் ஒரு கல்லையோ சிப்பியையோ தானாக எடுக்கும். கலாபகஸில் கல், மணல், சிப்பி, பவளம், இறகு எதையும் எடுக்கக் கூடாது. கிளம்பும்போது சோதனை உண்டு. அறியாமல் எடுத்துப்போவதுதான் காலணிக்குள் இருக்கும். ஒவ்வொரு தீவிலிருந்தும் கப்பலுக்குத் திரும்பியதும் பின்தளத்தில் குழாயும் வாளியும் வைத்திருப்பார்கள். காலணியைக் கழற்றி, அடியில் உள்ள பள்ளங்களை பிரஷ்ஷால் தேய்த்து, உள்ளே தண்ணீர் விட்டு அலசி, காலுறையில் ஒட்டிய புல்விதையைக் கையால் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட வேண்டும். கடலில் போடக் கூடாது. அடுத்த தீவில் அந்த விதை இருக்காது.

இப்படிக்கு,
கப்பல் பணி செய்தவர்களும் விலங்கியல் கற்பிப்பவர்களுமான வாசகர்கள் சிலர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.